வெளிநாட்டுல சட்டம், நம்ம ஊர்ல பில்: கம்பெனி மனித உரிமைச் சட்டங்கள் உங்க பணத்தை எப்படித் தொடுது?



போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்புல ஒரு பிடிஎஃப் வந்துச்சு. அனுப்பினவர் திருப்பூர்ல 40 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்றவர். பல வருஷமா அவரோட கணக்கை நாங்கதான் பார்க்கிறோம். கீழேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சார், எக்ஸ்போர்ட் கம்பெனியில இருந்து குடுத்தாங்க. நாளைக்குக் காலைல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் அடுத்த கட்டிங் வருமாம். போட்ரலாங்களா?"

பிரிச்சுப் பார்த்தேன். 38 பக்கம், முழுக்க இங்கிலீஷ். கடைசி வாங்குபவர் ஒரு ஜெர்மன் நிறுவனம். குழந்தைத் தொழிலாளர் கூடாது, கட்டாய வேலை கூடாது, குறைந்தபட்சச் சம்பளம் தரணும், ஓவர்டைம் அளவோட இருக்கணும், பெண்களுக்குப் பாதுகாப்பு வேணும். இதுல எதையும் யாரும் மறுக்க முடியாது. ஆனா 31-ஆம் பக்கத்துல மூணு வரி இருந்துச்சு. எங்கயாவது மீறல் தெரிஞ்சா ஆர்டரை உடனே ரத்து பண்ணலாம். அதனால வர்ற நஷ்டம் மொத்தத்தையும் சப்ளையர் ஈடுகட்டணும். ஆடிட் செலவும் சப்ளையரோடதுதான்.

உடனே கூப்பிட்டேன். "அண்ணா, காலைல போட்டுறாதீங்க. ரெண்டு நாள் டைம் கேளுங்க."

அந்த ரெண்டு நாள்ல நான் படிச்சதையும் அவருக்குச் சொன்னதையும்தான் இங்க எழுதுறேன். நீங்க சின்ன யூனிட் நடத்துறவரா இருக்கலாம், ஷேர் மார்க்கெட்ல முதலீடு பண்றவரா இருக்கலாம், கம்பெனியில சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரா இருக்கலாம். மூணு பேருக்கும் இதுல விஷயம் இருக்கு.

முதல்ல, டியூ டிலிஜென்ஸ்னா என்ன?

நிலம் வாங்குறதுக்கு முன்னாடி வில்லங்கச் சான்று எடுக்கிறோம் இல்லையா? மூலப் பத்திரம் பார்க்கிறோம், வக்கீல்கிட்ட கருத்து கேட்கிறோம். அதுதான் டியூ டிலிஜென்ஸ். ஏமாந்துடக் கூடாதுன்னு முன்கூட்டியே அலசிப் பார்க்கிறது.

மனித உரிமை டியூ டிலிஜென்ஸ்லயும் அலசல் அதேதான், ஆனா கேள்வி திரும்பிடுது. "இந்த வியாபாரத்தால எனக்கு என்ன ஆபத்து?"ன்னு கேட்காம, "என்னோட வியாபாரத்தால யாருக்கு என்ன ஆபத்து?"ன்னு கேட்கணும். தன் ஃபாக்டரியில மட்டும் கேட்டாப் போதாது. நூல் மில், சாயப்பட்டறை, ஜாப் ஒர்க் யூனிட்னு சங்கிலி முழுக்கக் கேட்கணும். ஆபத்தைக் கண்டுபிடிக்கணும், தடுக்கணும், தடுத்தது வேலை செய்யுதான்னு பார்க்கணும், வெளியில சொல்லணும். ஏற்கெனவே பாதிக்கப்பட்டவங்களுக்குப் பரிகாரமும் கிடைக்கணும். 2011-ல ஐ.நா. ஏத்துக்கிட்ட வழிகாட்டுக் கொள்கைகள் சொல்றது இதைத்தான். ஆனா அது வழிகாட்டுதல், சட்டம் கிடையாது.

வழிகாட்டுதல் எப்படிச் சட்டமா மாறுச்சு?

2013 ஏப்ரல் 24. வங்கதேசத்துல டாக்கா பக்கத்துல ராணா பிளாசாங்கிற கட்டடம் இடிஞ்சு விழுந்து 1,100 பேருக்கு மேல செத்தாங்க. அங்க தைச்ச துணியெல்லாம் ஐரோப்பா, அமெரிக்கா கடைகளுக்குப் போனது. அதுக்கப்புறம்தான் "நாங்க வாங்கினோம், அவ்வளவுதான்"னு ஒரு கம்பெனி தப்பிக்கலாமாங்கிற கேள்வி பெருசாச்சு.

2017-ல பிரான்ஸ் சட்டம் போட்டுச்சு. 2023 ஜனவரி 1-ல ஜெர்மனியோட சப்ளை செயின் சட்டம் அமலுக்கு வந்துச்சு. முதல்ல 3,000 ஊழியர்களுக்கு மேல இருக்கிற கம்பெனிகளுக்கு, 2024-ல இருந்து 1,000 பேருக்கு மேல இருக்கிறவங்களுக்கு. பெரிய கம்பெனி மீறினா உலக விற்பனையில 2 சதவீதம் வரை அபராதம். 2024-ல ஐரோப்பிய யூனியன் முழுக்கப் பொருந்துற மாதிரி ஒரு உத்தரவும் வந்துச்சு. 2025-ல அதைச் சுருக்கிட்டாங்க. டிசம்பர்ல எட்டின உடன்பாட்டின்படி 5,000 ஊழியர்களும் 150 கோடி யூரோ விற்பனையும் தாண்டின கம்பெனிகளுக்கு மட்டும்தான், அதுவும் 2029-ல இருந்து.

"அப்ப நமக்கு இல்லைங்களே"ன்னு நம்ம அண்ணனும் கேட்டார். சட்டம் அவரைத் தொடாது, உண்மைதான். ஆனா ஒப்பந்தம் தொடும். ஜெர்மன் கம்பெனிக்குச் சட்டம், எக்ஸ்போர்ட்டருக்கு அது நிபந்தனை, ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு அது 31-ஆம் பக்கம். மேல இருந்து கீழ வர வர, பொறுப்பு சுருங்காம அப்படியே வருது. ரேட் மட்டும் சுருங்கிட்டே வருது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு 40 மெஷின் யூனிட். நான் எடுத்துக்கிட்ட எண்கள் வெறும் உதாரணம்தான், உங்க யூனிட்ல மாறும். ஆனா கணக்கோட போக்கு இதுதான்.

- மாசம் 40,000 பீஸ், பீஸுக்கு 22 ரூபாய் கூலி: வரவு 8.80 லட்சம்
- 55 பேருக்குச் சராசரி 13,000 ரூபாய் சம்பளம்: 7.15 லட்சம்
- வாடகை, கரண்ட், நூல், மெஷின் தவணை: 1.20 லட்சம்
- மிச்சம்: 45,000 ரூபாய்

இப்ப எல்லாருக்கும் முறையா பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டணும். முதலாளி பங்கு பி.எஃப். பக்கம் 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், மொத்தம் 16.25 சதவீதம். 7.15 லட்சத்துக்கு அது 1.16 லட்சம். 45,000 லாபம் 71,000 நஷ்டமா மாறிடுது.

இதுக்கு என்ன தீர்வு? பீஸுக்கு 2 ரூபாய் 90 காசு கூடுதலா கிடைச்சா கணக்கு நேராயிடும். ஒரு யூரோவுக்கு 100 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, 10 யூரோவுக்கு விக்கிற ஒரு டி-ஷர்ட்ல இது மூணு சென்ட் கூட வராது.

ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம் எல்லாம் ஏற்கெனவே நம்ம நாட்டுச் சட்டம். ஜெர்மனிக்காரன் சொல்லித்தான் பண்ணணும்னு இல்லை. "கட்டுப்படியாகலை"ங்கிறது ஆடிட்டரா நான் ஏத்துக்கிற காரணமும் இல்லை. ஆனா சட்டப்படி நடக்கிற செலவு ரேட்டுக்குள்ள வரலைன்னா, அது யார் பாக்கெட்ல இருந்து போகும்? முதல்ல முதலாளி பாக்கெட். அது காலியானதும் தையல்காரம்மா பாக்கெட். வேற பாக்கெட் அங்க கிடையாது.

ஆடிட் பண்ணிட்டா போதுமா?

ஆடிட்டரா இருந்துக்கிட்டு இதைச் சொல்றது கொஞ்சம் சங்கடம்தான். 2012 செப்டம்பர்ல கராச்சியில அலி எண்டர்பிரைசஸ் கார்மென்ட் ஃபாக்டரி தீப்பிடிச்சு 250 பேருக்கு மேல செத்தாங்க. அந்த ஃபாக்டரிக்குச் சில வாரம் முன்னாடிதான் எஸ்.ஏ. 8000-ங்கிற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் கொடுத்திருந்தாங்க. சான்றிதழ் சுவத்துல மாட்டியிருந்தும் உயிர் போச்சு.

ஒரு நாள் வந்து ரெஜிஸ்டரைப் பார்த்துட்டுப் போறவர்கிட்ட தொழிலாளி உண்மையைச் சொல்ல மாட்டாங்க. சொன்னா அடுத்த நாள் வேலை இருக்காதுங்கிற பயம். அதனால ஆடிட் ரிப்போர்ட் சுத்தமா இருக்கும்.

இதுக்கு எதிர் உதாரணம் நம்ம திண்டுக்கல்லயே இருக்கு. 2021 ஜனவரியில திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு ஏற்றுமதி ஆயத்த ஆடை ஃபாக்டரியில வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டாங்க. மேற்பார்வையாளர் மேல வழக்குப் பதிவாச்சு. ஃபாக்டரிக்குள்ள பாலியல் தொல்லை இருந்துச்சுன்னு மத்த பெண்களும் பேச ஆரம்பிச்சாங்க. 2022 ஏப்ரல்ல பெண்கள் தலைமையில இயங்குற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்படுத்துற ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. இதைத் திண்டுக்கல் ஒப்பந்தம்னு உலகம் முழுக்கச் சொல்றாங்க.

இதுல என்ன புதுசு? ஷாப் ஃப்ளோர்ல வேலை பார்க்கிற பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவங்களே கண்காணிப்பாளரா இருந்தாங்க. புகார் சொன்னா பழிவாங்கக் கூடாதுன்னு எழுத்துல இருந்துச்சு. மீறினா பிராண்டுகளே வியாபார ரீதியா நடவடிக்கை எடுக்கணும். முதல் வருஷம் 185 புகார் வந்து, 182 தீர்ந்துச்சு.

இதுக்கு நடுவுல, 2022 ஜூலையில அமெரிக்க சுங்கத்துறை அந்த ஃபாக்டரி சரக்குக்குத் தடை போட்டுச்சு. இந்த ஒப்பந்தம் வழியா நடந்த திருத்தங்களைப் பார்த்து செப்டம்பர்லயே தடையை விலக்கிட்டாங்க. ஒரு ஏற்றுமதி யூனிட்டுக்கு இப்படிப்பட்ட தடை எத்தனை கோடி நஷ்டம்னு உங்களுக்கே தெரியும். தொழிலாளி வாயைத் திறக்க விட்டது, கடைசியில ஆர்டரையும் காப்பாத்துச்சு.

அந்த 185-ங்கிற எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க. கீழ தேவைப்படும்.

வளரும் நாடுகள்ல சொந்தச் சட்டம் இருக்கா?

பிரேசில்ல 2022-ல ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்துச்சு. தாய்லாந்து 2019-லயே தேசிய செயல்திட்டம் போட்டு, கட்டாயச் சட்டத்துக்கான வரைவு வேலையில இறங்குச்சு. இந்தோனேசியா 2023-ல அதிபர் ஆணை மூலமா தேசிய வியூகம் கொண்டு வந்துச்சு. பாகிஸ்தான் 2021-ல தெற்காசியாவுலயே முதல் செயல்திட்டத்தை வெளியிட்டுச்சு. திட்டம், வியூகம், வரைவுன்னு பேர்தான் நிறைய.

நம்ம இந்தியாவுல? 2019-ல மத்திய அரசு பொறுப்பான தொழில் நடத்தைக்கான தேசிய வழிகாட்டுதல்களை வெளியிட்டுச்சு. அதை அடிப்படையா வெச்சு செபி 2021-ல பி.ஆர்.எஸ்.ஆர்.ங்கிற அறிக்கையைக் கொண்டு வந்துச்சு. 2022-23 நிதியாண்டுல இருந்து சந்தை மதிப்புல முதல் 1,000 லிஸ்டட் கம்பெனிகளுக்கு இது கட்டாயம்.

நல்ல விஷயம்தான். ஆனா மூணு ஓட்டை இருக்கு.

ஒண்ணு, இது "செஞ்சியா?"ன்னு கேட்குதே தவிர, "செய்"னு சொல்லலை. அந்த அறிக்கையில 5-ஆம் கொள்கை மனித உரிமை பத்தினது. அதுல கட்டாயக் கேள்விகள்னும் விருப்பக் கேள்விகள்னும் ரெண்டு பகுதி. "மனித உரிமை டியூ டிலிஜென்ஸ் பண்ணீங்களா, எந்த அளவுக்கு?"ங்கிற கேள்வி விருப்பப் பகுதியில இருக்கு. பதில் சொல்லாம விட்டாலும் தப்பில்லை.

ரெண்டு, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள்ல பெரும்பாலானவங்க லிஸ்டட் கம்பெனியே கிடையாது. அவங்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

மூணு, சப்ளையர் பத்தின விவரம். முதல் 250 கம்பெனிகளுக்கு, அதுவும் வாங்குறதுல, விக்கிறதுல 2 சதவீதத்துக்கு மேல பங்கு வெச்சிருக்கிற கூட்டாளிகளுக்கு மட்டும், 2025-26-ல இருந்து விருப்பப்பட்டா சொல்லலாம்னு தளர்த்திட்டாங்க. 40 மெஷின் யூனிட் அந்த 2 சதவீத வலையில என்னைக்கு விழும்?

"அதான் சி.எஸ்.ஆர். இருக்கே"ன்னு சிலர் கேட்பாங்க. அது வேற. சி.எஸ்.ஆர். சம்பாதிச்ச லாபத்துல 2 சதவீதத்தை எப்படிச் செலவு பண்றீங்கன்னு பார்க்குது. இது அந்த லாபத்தை எப்படிச் சம்பாதிச்சீங்கன்னு பார்க்குது.

நமக்குச் சொந்தச் சட்டம் வேணுமா?

என்னோட கருத்தைச் சொல்றேன்: வேணும். ஆனா ஐரோப்பாவோட காப்பி வேண்டாம்.

இப்ப சட்டம் எழுதுறது பிரஸ்ஸல்ஸ்ல, சுருக்குறதும் அங்கதான். நம்ம தொழிலாளியோட பாதுகாப்பு அங்க நடக்கிற அரசியலைப் பொறுத்து ஏறுது, இறங்குது. உள்நாட்டுக் கடைக்குத் தைக்கிறவங்களுக்கு அதுவும் கிடையாது. ஒரே தெருவுல எக்ஸ்போர்ட் யூனிட்ல வேலை பார்க்கிற அக்காவுக்கு ஒரு நியாயம், லோக்கல் பனியன் தைக்கிற தங்கச்சிக்கு வேற நியாயம்.

எப்படிப்பட்ட சட்டம்? நமக்கே ஒரு முன்மாதிரி இருக்கு. வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்) பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். குறு, சிறு உற்பத்தியாளர், சேவை யூனிட்டுகளுக்கு 45 நாளைக்குள்ள பணம் கொடுக்கலைன்னா, அந்த வருஷம் வாங்கினவருக்கு அந்தச் செலவுக் கழிவு கிடையாது. பல வருஷமா கெஞ்சியும் வராத பேமென்ட், வாங்குறவரோட வரியில கை வெச்சதும் வந்ததை எங்க ஆபீஸ்லயே பார்த்தேன். பொறுப்பைப் பலம் இருக்கிறவன் தலையில வெச்சா வேலை நடக்கும்.

அதுல ஒரு பாடமும் இருக்கு. சில பெரிய கம்பெனிகள் "எம்.எஸ்.எம்.இ. ரெஜிஸ்டர் பண்ணினவங்ககிட்ட வாங்கவே வேண்டாம்"னு ஒதுங்கினாங்க. மனித உரிமைச் சட்டத்துலயும் இதே ஆபத்து உண்டு. பிரச்சினை தெரிஞ்சதும் திருத்தாம ஆர்டரை வேற ஊருக்கு மாத்திட்டா, புகார் சொன்ன பெண்ணுக்குத்தான் முதல்ல வேலை போகும். அதனால சட்டத்துல இந்த மூணும் இருக்கணும்: திருத்த அவகாசம் கொடுக்காம ஆர்டரை வெட்டக் கூடாது, ரேட்டும் டெலிவரி தேதியும் சட்டப்படி நடக்கக் கட்டுப்படியாகுதான்னு வாங்குறவர் கணக்கு காட்டணும், தொழிலாளி பயமில்லாம புகார் சொல்ல வழி இருக்கணும்.

இப்ப நீங்க என்ன பண்ணலாம்?

*யூனிட் நடத்துறவங்களுக்கு:*

1. படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. நஷ்ட ஈடு, உடனடி ரத்து, ஆடிட் செலவு: இந்த மூணு இடத்தை முதல்ல தேடுங்க.
2. கேட்கிறதுக்கு உங்களுக்கு ஆதாரம் இருக்கு. ஜெர்மன் சட்டத்தைக் கண்காணிக்கிற அரசு அலுவலகமே, கம்பெனிகள் தங்களோட கடமையை அப்படியே சப்ளையர் தலையில தள்ள முடியாதுன்னு விளக்கம் கொடுத்திருக்கு. 2024-ல வெளியான ஐரோப்பிய உத்தரவுல, சின்ன நிறுவனங்களோட போடுற ஒப்பந்தம் நியாயமா இருக்கணும்னும், அவங்களைச் சரிபார்க்க வெளி நிறுவனத்தை அமர்த்தினா அந்தச் செலவு பெரிய கம்பெனியோடதுன்னும் இருக்கு.
3. சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் எல்லாத்தையும் மாசாமாசம் ஒரே ஃபைல்ல வைங்க. ரெட்டைக் கணக்கு வேண்டவே வேண்டாம். அது தெரிஞ்ச அன்னைக்கு மத்த எல்லாம் பொய்யாயிடும்.

*முதலீடு பண்றவங்களுக்கு:*

கம்பெனியோட ஆண்டறிக்கையில பி.ஆர்.எஸ்.ஆர். பகுதிக்குப் போங்க. பத்து நிமிஷம் போதும்.

1. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, மத்தவங்க எத்தனைன்னு பாருங்க. காண்ட்ராக்ட் ஆட்கள் வருஷா வருஷம் கூடினா, ஏன்னு கேளுங்க.
2. 5-ஆம் கொள்கையில புகார் எண்ணிக்கையைப் பாருங்க. பத்தாயிரம் தொழிலாளர் இருக்கிற இடத்துல பாலியல் தொல்லைப் புகார் பூஜ்யம், சம்பளப் புகார் பூஜ்யம்னா சந்தோஷப்படாதீங்க. திண்டுக்கல்ல வழி திறந்துவிட்டதும் ஒரே வருஷத்துல 185 வந்துச்சு. பூஜ்யம்னா ஒண்ணு அது சொர்க்கம், இல்லைன்னா வாயைத் திறக்க முடியாத இடம்.
3. விருப்பக் கேள்விகளுக்குப் பதில் இருக்கான்னு பாருங்க. காலியா இருந்தா, அதுவும் ஒரு பதில்தான்.

இதை மட்டும் வெச்சு ஷேரை வாங்குங்க, வில்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஏற்றுமதி வருமானம் அதிகமா இருக்கிற கம்பெனியில இது வெறும் நல்லெண்ண விஷயம் இல்லை. 2027 டிசம்பர் 14-ல இருந்து, கட்டாய உழைப்புல செஞ்ச பொருளை ஐரோப்பிய யூனியன்ல விக்கவே கூடாதுங்கிற சட்டம் அமலுக்கு வருது. இது கம்பெனி பெருசா சின்னதான்னு பார்க்காது.

*வேலை பார்க்கிறவங்களுக்கு:*

உங்க யு.ஏ.என். நம்பர்ல பி.எஃப். பாஸ்புக்கை இன்னைக்கே திறந்து பாருங்க. சம்பளத்துல பிடிச்சது அங்க ஏறியிருக்கான்னு பாருங்க. பத்துப் பேருக்கு மேல இருக்கிற இடத்துல பாலியல் தொல்லைப் புகாருக்கு உள் கமிட்டி இருக்கணும். அதுல யார் யார் இருக்காங்கன்னு கேட்டு வெச்சுக்கோங்க.

அண்ணன் என்ன பண்ணார்?

மூணு மாற்றம் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். மீறல் தெரிஞ்சா திருத்த 90 நாள் அவகாசம், ஆடிட் செலவு அவங்களோடது, பீஸுக்கு 3 ரூபாய் கூடுதல் ரேட். ஆர்டர் போயிடுமோன்னு அவருக்குப் பயம். வீட்டுல ரெண்டு நாள் தூங்கலைன்னு சொன்னார்.

நாலாவது நாள் பதில் வந்துச்சு. 90 நாள் கேட்டதுக்கு 60 நாள் கொடுத்தாங்க. ஆடிட் செலவுல பாதியை ஏத்துக்கிட்டாங்க. ரேட்டைப் பத்தி ஒரு வரி கூட இல்லை.

கையெழுத்துப் போட்டுட்டார். விடுபட்டிருந்த தொழிலாளர் எல்லாரையும் இந்த மாசத்துல இருந்து பி.எஃப்.ல சேர்த்தாச்சு. போன வாரம் போன் பண்ணி, "சார், இந்த மாசம் கணக்குல கொஞ்சம் இடிக்குமுங்க, பரவாயில்லைங்களா?"ன்னு கேட்டார். அந்த 2 ரூபாய் 90 காசை யார் கொடுக்கணும்னு ஒரு சட்டம் சொல்ற வரைக்கும், அவருக்குச் சொல்ல என்கிட்ட நல்ல பதில் இல்லை.

பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோல ஸ்கிரீன்ல காட்டியே சொல்றேன். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு யூனிட் ஓனருக்கு இதை அனுப்பி வைங்க, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி.